தவளையின் கடிகாரம்

செய்த தப்புக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை என்றால் அழலாம். செய்யாத தப்புக்கு ஒருத்தி மன்னிப்புக் கொடுத்தால் என்ன செய்வது? அதுவும் தொலைக்காட்சியில், மெட்டுப் போட்டு, பின்னால் இருபது பேரை ஆடவிட்டு, கண்ணில் நீர் ததும்ப மன்னித்தால்? செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அலுவலக நாற்காலியில், காதில் ஹெட்போனோடு தவளை அந்தக் கண்றாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவளை என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். இப்போது அவளுக்கு நாற்பது வயது. அலுவலகத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஆனால் கோபம் வந்தால் அவளே தன்னை அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வாள், இந்தக் கதை முழுக்க அவள் கோபமாகத்தான் இருக்கிறாள், எனவே நாமும் அப்படியே கூப்பிடலாம். பேசினால் அவள் குரல் கரகரவென்று இருக்கும். பாடினால் அந்தக் கரகரப்பு எங்கே போகுமோ தெரியாது, தண்ணீர் மாதிரி குரல் வரும். பாடினால் அப்படி வரும் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று, இந்தத் தொடரை எழுதி எடுத்த அவளுடைய பழைய தோழி.

காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குச் சப்டைட்டில் எழுதுவது தவளையின் வேலை. பேச்சை எழுதுவது பாதி வேலைதான். சத்தத்தை எழுதுவதுதான் மீதி. கதவு தட்டினால் அடைப்புக்குறிக்குள் (கதவு தட்டப்படுகிறது). வாசலில் நாய் குரைத்தால் (வெளியே நாய் குரைக்கிறது). அவள் மேசைக்கு எதிரே சுவரில் மூன்று விதிகள் ஒட்டியிருக்கும், எழுதி ஒட்டியது அவளேதான். காதில் விழுந்ததை மட்டும் எழுது. ஒரே சத்தத்துக்கு முதல் தடவை என்ன எழுதினாயோ, கடைசி வரை அதையே எழுது. எத்தனை முறை கேட்டும் புரியாவிட்டால் மட்டும் (தெளிவாகக் கேட்கவில்லை) என்று போடு.

அந்த மூன்றாவதை அவள் பதினோரு வருஷத்தில் ஒரு முறைகூடப் போட்டதில்லை. முப்பது தடவை ஓட்டிக் கேட்பாள், நாற்பது தடவை கேட்பாள், பிடித்துவிடுவாள். மற்றவர்கள் அதைப் போடுவதைப் பார்த்தால் சோம்பேறிகள் என்று வீட்டில் அம்மாவிடம் கரித்துக் கொட்டுவாள்.

தொடர் ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவைப் பற்றியது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். காதல் வந்தாலும் பாடுவார்கள், பரீட்சையில் தோற்றாலும் பாடுவார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேல் ஏறியும் பாடுவார்கள். ஊரே பார்க்கிறது. ஏழு பகுதிகளுக்குத் தவளை பல்லைக் கடித்துக்கொண்டு சப்டைட்டில் எழுதிவிட்டாள். தோழியின் பெயர் திரையில் வரும்போது மட்டும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். எட்டாவது பகுதியில் அவளையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

முன்பல் கொஞ்சம் கோணல். கையில் மணிக்கட்டைவிடப் பெரிய ஆண்பிள்ளைக் கடிகாரம், மணிக்கு ஒரு தடவை பீப், பீப் என்று அடிக்கிறது. பெயர் தவளை. பெயரைக்கூடத் தோழி மாற்றவில்லை, வாய் கூசாமல் அப்படியே வைத்திருந்தாள். கதையில் இந்தத் தவளை பொறாமை பிடித்தவள். போட்டி நாளில் கதாநாயகி பாடப்போகும்போது திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மைக் வயரைப் பிடுங்கிவிடுகிறாள். கடிகாரம் அடித்துக் காட்டிக்கொடுக்கிறது. கையும் களவுமாக மாட்டுகிறாள். கதாநாயகியோ மைக் இல்லாமலே பாடிக் கோப்பையை வாங்கி, அடுத்த காட்சியில் தவளையின் தோளில் கை போட்டு நாலு நிமிஷம் மன்னிக்கிறாள்.

நடந்தது வேறு. தவளை பாட்டுக் குழுவில் கடைசி வரிசை. தோழி முதல் வரிசை, பாட்டு டீச்சர் அவளைத் தேன்குரல் என்றுதான் கூப்பிடுவார். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேன்குரலுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிவிட்டது. அவள்தான் தவளையிடம் வந்து கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அறிவிப்புச் செய்வதற்கென்று திரைக்குப் பின்னால் ஒரு மைக் உண்டு. நீ அதில் பாடு, நான் முன்னால் நின்று வாயசைக்கிறேன், என் மைக் வயரைப் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் என் கட்டைக்குரல் வெளியே கேட்கும் என்றாள். தோழிக்காக என்று தவளையும் செய்தாள். நாலு மணிக்கு, பாட்டின் நடுவில், அவள் கைக் கடிகாரம் அடித்தது. மைக்கைப் பிடித்திருந்த கை அது. அவள் நிறுத்தாமல் பாடினாள். கோப்பை கிடைத்தது.

கோப்பையைக் கொடுத்த நடுவர் இன்னும் ஒரு அடி பாடச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. தேன்குரல் மைக்கைத் தட்டினாள், சத்தமில்லை. ஆள் போய்த் திரையை விலக்கினால் தவளை நிற்கிறாள், கையில் பிடுங்கிய வயர். தேன்குரல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோப்பை கிடைத்த பொறாமையில் இப்போதுதான் பிடுங்கிவிட்டாள் என்று விரலை நீட்டிவிட்டாள். நான்தான் பாடினேன் என்று தவளை சொன்னபோது கூடமே சிரித்தது.

"எங்கே, பாடு பார்ப்போம்" என்றார் பாட்டு டீச்சர்.

அழுது அடைத்த தொண்டையில் வெறும் கரகரப்புதான் வந்தது. அதற்கும் சிரித்தார்கள். வேலைக்குப் போயிருந்த அம்மாவை ஆள் விட்டு அழைத்தார்கள். அப்பா போன மறு வருஷம் அது, அந்தக் கடிகாரமே அப்பாவுடையதுதான். அம்மாவிடமும் நடந்ததைச் சொன்னாள். நீ பாடி நான் ஒரு நாளும் கேட்டதில்லையே என்றாள் அம்மா. மறுநாள் காலை முழுப் பள்ளியும் வரிசையில் நிற்க, அதே மைக்கில் அவளை மன்னிப்புக் கேட்க வைத்ததும் அம்மாதான். அதற்கப்புறம் தவளை பாடவில்லை. குளிக்கும்போதுகூடப் பாடவில்லை. இருபத்தைந்து வருஷமாக அம்மா அதைக் குத்திக்காட்டியதும் இல்லை, மறந்ததும் இல்லை. பெற்ற பெண் ஒரு முறை தவறிவிட்டாள் என்று பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொறுமைதான் தவளைக்குத் தாங்கவில்லை.

இப்போது கைக்குக் கீழே கீபோர்டு இருந்தது. கதாநாயகி வாயைத் திறந்ததும் தவளை தட்டினாள்: (சுருதி தப்பிப் பாடுகிறாள்). அடுத்த அடிக்கு: (கீச்சுக்குரல்). மன்னிக்கும் பாட்டுக்கு: (காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் குரல்). மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. வழக்கம்போலப் பாதி வேலையைச் சரிபார்க்க அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

சரிபார்ப்பது பக்கத்து அறையில் இருக்கும் அக்கா. அவருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சப்டைட்டில் மட்டுமே வைத்துக்கொண்டு ஒருவருக்குக் கதை புரிகிறதா என்று பார்ப்பதற்கு அவரைவிட்டால் ஆள் கிடையாது. பத்து நிமிஷத்தில் வந்து ஒரு சீட்டை மேசை மேல் வைத்தார். அதில் எழுதியிருந்தது: "இந்தப் பொண்ணு இவ்வளவு மோசமா பாடினா, ஏன் எல்லாரும் அழுறாங்க?"

தவளைக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினோரு வருஷமாக அவள் எழுதும் அடைப்புக்குறிகளை அந்த அக்கா அப்படியே நம்பிப் படித்திருக்கிறார், ஒரு நாளும் நிஜமா என்று கேட்டதில்லை. தேன்குரலின் மூக்கை உடைக்கலாம் என்று இவர் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தது கேவலமாக இருந்தது. தப்பாக எழுதிவிட்டேன் என்று சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு (தெளிவான, இனிய குரலில் பாடுகிறாள்) என்று போட்டாள். அதைத் தட்டும்போது வயிறு எரிந்தது.

மீதிப் பாதியை மதியத்துக்கு மேல் எடுத்தாள். கதை முடிந்து திரை கறுத்தது. பெயர்கள் ஓடுவதற்கு முன்னால் வெள்ளை எழுத்தில் மூன்று வரி வந்தது. இது என் சொந்தக் கதை. அன்று மேடையில் பாடிய என் குரல் இதோ. பள்ளிக்கூடத்தின் பழைய ஒலிப்பதிவு. கீழே தேன்குரலின் பெயர்.

கேசட்டின் இரைச்சல் கேட்டது. அதற்குள்ளிருந்து குரல் எழுந்தது.

தவளை நாற்காலியில் நிமிர்ந்தாள். இருபத்தைந்து வருஷமாகக் கேட்காத தன் குரல். இப்படி ஒரு கேசட் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கோப்பையோடு சேர்த்துத் தேன்குரலுக்குக் கொடுத்திருப்பார்கள். எத்தனை தடவை அதைப் போட்டுப் போட்டுக் கேட்டாளோ, எத்தனை பேரிடம் இது என் குரல் என்று சொன்னாளோ, கடைசியில் அவளே நம்பிவிட்டாள் போலிருக்கிறது. இல்லாவிட்டால் திருட்டுப் பொருளை இப்படி வாசலில் கொண்டுவந்து கடை பரப்புவாளா?

ஓட்டி ஓட்டிக் கேட்டாள். ஏழாவது தடவை கேட்கும்போது, மூன்றாவது அடியின் நீண்ட இழுப்பில், இரைச்சலுக்கும் குரலுக்கும் நடுவே அது கேட்டது.

பீப், பீப்.

மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில். இரண்டாவது பீப் முதலாவதைவிட ஒரு இழை தாழ்ந்து, அப்பாவின் கடிகாரம் அடிப்பது போலவே. எல்லாம் அச்சு அசலாக இருக்கட்டும் என்று தேன்குரல் அதே ரகக் கடிகாரத்தைத் தேடிப் பிடித்துத் தொடரில் மாட்டியிருந்தாள் அல்லவா? சத்தமும் அச்சு அசல். கதையின் நடுவில், திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளைக் காட்டிக்கொடுத்த அந்தச் சத்தத்துக்குத் தவளை காலையிலேயே (தவளையின் கடிகாரம்: பீப், பீப்) என்று எழுதிவிட்டாள். ஒரே சத்தத்துக்கு முதல் தடவை என்ன எழுதினாயோ, கடைசி வரை அதையே எழுது. சுவரைப் பார்த்தாள். தன் கையெழுத்தை இவ்வளவு சந்தோஷமாக அவள் என்றைக்கும் பார்த்ததில்லை.

பாட்டின் வரிகளை எழுதினாள். மூன்றாவது அடியில், வரிக்குப் பக்கத்தில் தட்டினாள்: (பாடுபவரின் கையருகே, தவளையின் கடிகாரம்: பீப், பீப்).

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அனுப்பினாள்.

அக்கா இந்தத் தடவை சீட்டோடு வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தவர் உட்காரவே இல்லை. அந்தக் காட்சியை நிறுத்தி வைத்து, திரையில் விரலை வைத்துக் காட்டிவிட்டுச் சீட்டை நீட்டினார். "அப்போ பாடுறது தவளைதானே?"

கூடம் நிறைய ஆட்களும், நடுவர்களும், பாட்டு டீச்சரும் கேட்டுப் புரியாததை ஒரு சொட்டுச் சத்தம்கூடக் கேட்காதவர் படித்துப் புரிந்துகொண்டார். தவளைக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கையால் கேட்டார். தவளை தன் காதைத் தொட்டுக் காட்டினாள், பிறகு இடது கையை நீட்டினாள். கடிகாரம் இன்னும் அங்கேதான் இருந்தது, பட்டை மட்டும் நாலு தடவை மாற்றியிருந்தது. அக்கா அதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய் எதையும் திருத்தாமல் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார். தொடர் எடுப்பவர்கள் யாரும் கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதில்லை. அதற்கு அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதே.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவுக்கு ஐந்து வருஷமாகக் காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னால் கேட்கும். தொலைக்காட்சியும் போனும் கேட்காது. சப்டைட்டிலை முணுமுணுவென்று வாய்விட்டுப் படித்துத்தான் பார்ப்பாள். போனில் யாராவது பேசினால், ஸ்பீக்கரில் போட்டு, தவளை நோட்டில் எழுதிக் காட்டவேண்டும். தொடர் என்றால் அம்மாவுக்கு உயிர். நம்ம ஊர்ப் பொண்ணு எடுத்தது என்று பெருமை வேறு. எங்கிருந்தோ நம்பர் வாங்கி, வாரா வாரம் தேன்குரலுக்கு வாழ்த்து அனுப்புவாள். அந்தக் கண்றாவியையும் தவளை பொறுத்துக்கொண்டிருந்தாள்.

கோணல் பல்லும் கடிகாரமும் வந்ததும் அம்மா ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தாள். வயர் பிடுங்கும் காட்சியில் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புப் பாட்டு முடிந்ததும் மகளின் முழங்காலைத் தட்டினாள்.

"விடு. அவளே மன்னிச்சிட்டா. இனிமே நீயும் மனசுல வச்சுக்காத."

பக்கத்தில் போய்க் காதில் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வாயால் சொல்லி நம்பவில்லை. இப்போது அம்மாவே படித்துத் தெரிந்துகொள்ளட்டும், அவளே தட்டுத் தடுமாறி வந்து சேரட்டும் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

திரை கறுத்தது. அம்மா படித்தாள். என் குரல் இதோ. பாட்டின் முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாவதில் நின்றாள். "பாடுபவரின் கையருகே, தவளையின் கடிகாரம்" என்று படித்தவள், இன்னொரு முறை படிப்பதற்குள் எழுத்து போய்விட்டது.

"திரும்பப் போடு" என்றாள்.

தவளை ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டிப் போட்டாள். மூன்று தடவை போட்டாள். மூன்றாவது தடவை அம்மா திரையைப் பார்க்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அப்பா கடிகாரம். இது ஏன் பாட்டுக்குள்ள அடிக்குது?"

அம்மாவின் உதடுகள் முதலில் நடுங்கின, அப்புறம் முகம் முழுக்க.

"அன்னிக்கே என்கிட்ட சொன்னே."

"சொன்னேன்" என்றாள் தவளை உரக்க.

"நான் நம்பல."

"நம்பல."

சமாதானமாக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. அம்மா அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேண்டியிருந்தது அவளுக்கு. அழுது முடித்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வாரா வாரம் அனுப்பும் வாழ்த்துக்குப் பதில் இந்த வாரம் வாயருகே வைத்து ஒரே வாக்கியம் பேசி அனுப்பினாள்.

"எங்கே, அந்தப் பாட்ட இப்ப ஒரு தடவ பாடு பார்ப்போம்."

பதில் வரவில்லை. ஆனால் விஷயம் அதற்குள் ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. சப்டைட்டில் படித்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு வரியைப் படம் பிடித்து, ஒளிந்திருந்தவளின் கடிகாரம் பாடியவளின் கையில் எப்படி வந்தது என்று கேட்டார்கள். கேள்வியின் கீழே, அந்தக் காலத்தில் பாட்டுக் குழுவில் கடைசி வரிசையில் நின்றவள் ஒருத்தி, அன்றைக்கு ஸ்பீக்கரில் அந்தக் கடிகாரம் அடித்தது எனக்கும் கேட்டது, சொல்லப் பயமாக இருந்தது என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் தேன்குரலின் பெயர் சந்தி சிரித்தது.

பதினொரு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. தவளை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, நான்தான் பேசறேன். அவ பக்கத்துல இருக்காளா? அன்னிக்குப் பயத்துல சொல்லிட்டேன்மா. பதினஞ்சு வயசு. என்னை மன்னிச்சிடச் சொல்லுங்க அவளை."

ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் கேட்டது. குரல் இன்னும் தேனாகத்தான் இருந்தது.

"என்ன சொல்றா?" என்றாள் அம்மா.

தவளை பேனாவைத் திறந்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, எழுத்து எழுத்தாக, அழகாக எழுதி நோட்டைத் திருப்பினாள்.

(தெளிவாகக் கேட்கவில்லை)

அம்மா அதைப் படித்தாள். அதை எழுதுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று மகள் திட்டுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் அவள். மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். போனை வாயருகே கொண்டுபோனாள்.

"சரியா கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு."

தேன்குரல் சத்தமாகச் சொன்னாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். தவளை பேனா நுனியால் அதே வரியைத் தட்டினாள்.

"இன்னும் கேக்கல. இன்னும் சத்தமா."

நான்தான் பொய் சொன்னேன், பாடினது அவதான் என்று தேன்குரல் கத்தினாள். மூன்றாவது தடவை, நான்காவது தடவை. ஐந்தாவது தடவை கத்தும்போது தொண்டை உடைந்து, சொற்கள் கரகரவென்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

அதை மட்டும் தவளை கேட்டபடி எழுதினாள்: (தவளைக் குரல்). அம்மா அதைப் படித்துவிட்டுப் போனை அணைத்தாள்.